வாயுவில் ஓடும் மோட்டார்



ஜாசின் வட்டாரத்துத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. விடியற்காலையில் பால் வெட்டப் போவதற்கும், செம்பனைக் காட்டுக்குப் போவதற்கும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும், மெர்லிமாவ் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்கும் அதுவே துணை. பெட்ரோல் செலவு கையைக் கடிக்கும்போதெல்லாம் நம் இளைஞர்களிடையே ஒரு கேள்வி எழுவதுண்டு. அடுப்பு எரிக்கும் கேஸ் தோம்பை மோட்டாரில் கட்டி ஓட்டினால் என்ன?

எஞ்சின் ஓடுமா என்றால், ஓடும். அதில் ஐயமில்லை. ஆனால், அந்த ஒரு சொல்லோடு விடை முடிந்துவிடவில்லை. மீதி விடையைத் தெரிந்துகொள்ள, வாயுவில் ஓடிய வண்டிகளின் வரலாற்றை நாம் சற்றுப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் பிறந்ததே வாயுவில்தான் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும். 1860-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் எத்தியேன் லெனுவார் என்பவர் செய்த எஞ்சின், தெருவிளக்கு எரிக்கப் பயன்பட்ட நிலக்கரி வாயுவில் ஓடியது. 1876-இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் நான்கு வீச்சு எஞ்சினை உருவாக்கினார். உள்ளே இழுத்தல், அழுத்துதல், வெடித்தல், வெளியே தள்ளுதல் ஆகியவையே அந்த நான்கு வீச்சுகள். நாம் காப்சாய் என்று அழைக்கும் மோட்டாரிலும் இதே முறைதான். ஆட்டோவின் எஞ்சினும் வாயுவில் ஓடியதே.

ஆனால், அந்த எஞ்சின்களுக்கு ஒரு குறை இருந்தது. நகரத்து வாயுக் குழாயை விட்டு அவை நகர முடியாது. முளையில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்கு மேல் மேய முடியாதல்லவா? அதே நிலைதான். 1885-இல் கோட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மைபாக் என்ற இருவரும் பெட்ரோலில் ஓடும் சிறிய எஞ்சினை மரச்சட்டம் கொண்ட வண்டி ஒன்றில் பொருத்தி ஓட்டினார்கள். மோட்டார் சைக்கிளின் மூதாதை அதுதான். பெட்ரோல் வாயுவை வென்றது எதனால்? மெல்லிய தகரத் தொட்டியில் ஊற்றி எடுத்துச் செல்லலாம் என்பதால்தான். ஆகவே ஒன்றை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். எஞ்சினுக்கு வாயு பகையன்று. வாயுவைச் சுமந்து செல்வதுதான் கடினம். வாயு வண்டியின் வரலாறு முழுவதும், வாயுவை அடைக்கும் பாத்திரத்தின் வரலாறே எனலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பெரும் பஞ்சம் வந்தது. மலாயாவை 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில், இங்கே கரியில் ஓடும் லோரிகளும் பஸ்களும் இருந்தன. தமிழ்நாட்டிலும் அதே நிலை. மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார், போர்க்காலத்தில் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கருவியைச் செய்து பஸ்களில் பொருத்தினார்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்தது? வண்டியோடு பொருத்திய இரும்பு உருளையில் மரக்கரியை இட்டு எரிப்பார்கள். போதிய காற்று கொடுக்காமல் எரித்தால் கரி முழுதும் எரியாது. அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற எரியும் வாயு உண்டாகும். அதைக் குளிரவைத்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, குழாய் வழியாக எஞ்சினுக்கு அனுப்புவார்கள். வாயுவைச் சுமக்க வழியில்லாதபோது, போகும் வழியிலேயே அதை உண்டாக்கிக்கொண்டார்கள். அறிவான ஏற்பாடுதான். ஆனால் தொல்லையும் மிகுதி. கரி பற்றிக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். எஞ்சினின் வலு வெகுவாகக் குறைந்துவிடும். மேட்டில் வண்டி திணறும். அந்த வாயு கசிந்தால் நிறமும் மணமும் இல்லாமல் உயிரைக் குடிக்கும். போர் முடிந்து பெட்ரோல் கிடைத்ததும் எல்லோரும் அதைக் கழற்றிப் போட்டார்கள்.

சரி, நம் சமையல் கேஸ் எப்போது வந்தது? 1910-இல் அமெரிக்காவில், வாங்கிய பெட்ரோலில் பெரும்பங்கு வழியிலேயே ஆவியாகிப் போகிறது என்று கார்க்காரர் ஒருவர் குறை கூறினாராம். அதை ஆராய்ந்த வால்டர் ஸ்னெல்லிங் என்ற வேதியியலார், ஆவியாகிப் போனவற்றில் புரொப்பேன், பியூட்டேன் என்ற வாயுக்கள் இருப்பதைக் கண்டார். இவற்றுக்கு ஒரு சிறப்பு உண்டு. ஓரளவு அழுத்தினாலே திரவமாக மாறிவிடும். அந்தத் திரவத்தில் ஒரு லிட்டர், வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். 1913-இல் ஸ்னெல்லிங் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எல்.பி.ஜி. என்று சொல்லும் இந்தத் திரவ வாயு, அடுப்புக்கு மட்டுமன்றி வண்டிக்கும் பயன்படலாயிற்று. ஜப்பானிய டாக்சிகள் 1960-களிலிருந்தே இதில் ஓடிவருகின்றன.

அப்படியானால் நம் மோட்டாருக்கு என்ன தடை? 1958-இல் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் சிறிய நான்கு வீச்சு மோட்டாரை வெளியிட்டது. பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். 'கப்' என்ற அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான் காப்சாய். அந்த எஞ்சினின் உள்ளே திரவ வாயு நன்றாகவே எரியும். கரி படிவதும் குறையும். ஒரு லிட்டர் திரவ வாயுவில் உள்ள சூடு, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சிக்கல் எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. முதலாவது, தோம்பு. சமையல் தோம்பு ஓரிடத்தில் நிமிர்ந்து நிற்பதற்காகச் செய்யப்பட்டது. நிமிர்ந்து நின்றால் மேலே திரண்ட வாயு வெளிவரும். சாய்ந்தால் திரவமே வாய்க்கு வந்துவிடும். அது வெளியேறி விரிந்தால் எவ்வளவு வாயுவாகும் என்பதை முன்பே பார்த்தோம். அதன் உள்ளே இருக்கும் அழுத்தம் மோட்டார் டயரில் உள்ளதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. பள்ளத்திலும் மேட்டிலும் குலுங்கும் செம்மண் பாதைக்கு அது ஏற்றதன்று.

இரண்டாவது, தோம்பின் தலையில் மாட்டும் ரெகுலேட்டர். அடுப்புக்கு அது தரும் அழுத்தம் மிகக் குறைவு. ஓரடி ஆழ நீரின் அழுத்தத்துக்குச் சமம். அடுப்பின் வேலை முடிந்ததும் நாமே திருகி மூடுகிறோம். மோட்டார் சறுக்கி விழுந்து, ஓட்டியவர் மயங்கிக் கிடந்தால் யார் மூடுவது? வண்டிக்கென்றே செய்த கருவிகளில், எஞ்சின் நின்ற உடனே வாயுவைத் தானாக அடைக்கும் வால்வு இருக்கும். தொட்டியை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பவும் அவை விடமாட்டா. வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

மூன்றாவது, கசிவு. திரவ வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, கால்வாயிலும் பள்ளத்திலும் தேங்கும். லயத்து வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தி, பத்தடி தள்ளி அடுப்பு பற்றவைக்கும் இடங்களில் இதன் பொருள் என்னவென்று தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டார் செய்யும் சிக்கனம் வரிசை முழுவதையும் ஆபத்தில் வைத்துவிடும்.

இந்தப் பாடத்தைப் பல நாடுகள் கற்றிருக்கின்றன. தமிழ்நாட்டில் 1990-களில் வேன்களுக்குள் சமையல் சிலிண்டரை வைத்து ஓட்டும் வழக்கம் இருந்தது. இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, தரம் பார்த்த தொட்டியும் கருவியும் பொருத்தி ஓட்ட வழி செய்தது. அதன்பின் சென்னையில் திரவ வாயுவில் ஓடும் ஆட்டோக்கள் பெருகின.

நம் நாட்டில் டாக்சிகள் பல இயற்கை வாயுவில் ஓடின. இது சமையல் கேஸ் அன்று. எளிதில் திரவமாகாததால் டயர் காற்றைப்போல் நூறு மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்படுவது. அதன் தோம்புக்குச் சுமார் 15 ஆண்டுகளே ஆயுள். பழைய தோம்புகளால் ஆபத்து என்று கருதிய அரசு, 2025 ஜூலை 1 முதல் இவ்வகை வண்டிகளின் பயன்பாட்டை நிறுத்தியது. எஞ்சின்கள் கெட்டுவிட்டதால் அன்று, பாத்திரத்தின் வயது முடிந்துவிட்டதால் நேர்ந்த முடிவு இது.

இனி, இரு சக்கர வண்டி வாயுவில் ஓடவே முடியாதா? முடியும் என்று 2024 ஜூலை மாதத்தில் இந்தியாவின் பஜாஜ் நிறுவனம் காட்டியது. ஃப்ரீடம் 125 என்ற அதன் மோட்டார் இயற்கை வாயுவில் ஓடுகிறது. இரண்டு கிலோ வாயு கொள்ளும் தோம்பை இருக்கைக்குக் கீழே வைத்து, அதைச் சுற்றியே சட்டத்தை வகுத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் தொட்டியும் உண்டு. வண்டியை மோதவிட்டும், அதன் மேல் லாரியை ஏற்றியும் சோதித்த பிறகே விற்பனைக்கு விட்டார்கள். வண்டியைச் செய்தபின் தோம்பைக் கட்டவில்லை. தோம்புக்காகவே வண்டியைச் செய்தார்கள். இதுதான் வேறுபாடு.

நேயர்களே, நம் பிள்ளைகளுக்கு எஞ்சினைப் பற்றிய ஆர்வம் இருப்பது நல்லது. 'ஏன் முடியாது?' என்று கேட்கும் பிள்ளையை அதட்டி அடக்க வேண்டாம். முறையான பயிற்சிக்கு அனுப்பினால் அந்தக் கேள்வியே ஒரு தொழிலாகும். ஆனால் சமையல் தோம்பு சமையற்கட்டிலேயே இருக்கட்டும். அனுமதியின்றி வண்டியை மாற்றி அமைப்பது நம் நாட்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும் மாறானது. டயரில் காற்றுக் குறையாமல் பார்த்து, காற்று வடிகட்டியையும் கார்புரேட்டரையும் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இட்டு வந்தாலே பெட்ரோல் வீணாவது குறையும். சிக்கனம் அங்கிருந்து தொடங்கட்டும்.