ஜு வென்ஜுன் – லெய் டிங்ஜீ, 12-ஆவது ஆட்டம் (2023)

ஜு வென்ஜுன் – லெய் டிங்ஜீ 12-ஆவது ஆட்டம் என்பது 2023-ஆம் ஆண்டு மகளிர் உலகச் சதுரங்க வாகைப் போட்டியின் இறுதி ஆட்டம். சீனாவின் சோங்சிங் நகரில் ஜூலை 22 அன்று நடந்தது. ராணிச் சிப்பாய்த் திறப்புகளில் ஒன்றான கோலே முறையில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய நடப்பு வாகையாளர் ஜு, இதில் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

பின்னணி

ஜு 2018 முதல் பட்டத்தை வைத்திருந்தவர். லெய், வேட்பாளர் தொடரின் இறுதியில் டான் ஜோங்யீயை வீழ்த்திச் சவாலுக்கு வந்தவர். முதல் ஆறு ஆட்டங்கள் ஜுவின் ஊரான ஷாங்காயிலும், அடுத்த ஆறு லெய்யின் ஊரான சோங்சிங்கிலும் நடந்தன. ஐந்தாவது ஆட்டத்தில் லெய் வென்றார். எட்டாவதில் ஜு சமன்செய்தார். மற்றவை டிரா ஆனதால், கடைசி ஆட்டத்துக்கு முன் இருவரும் 5.5 புள்ளிகளில் நின்றனர். அதுவும் டிரா ஆகியிருந்தால் அதிவேக ஆட்டங்களே முடிவைத் தீர்மானித்திருக்கும்.

திறப்பு

ஆட்டம் 1.டி4 டி5 2.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3.இ3 சி5 எனத் தொடங்கியது. பெல்ஜிய வீரர் எட்கார் கோலேயின் (1897–1932) பெயரால் அறியப்படும் இம்முறை பொதுவாக அமைதியானது. அதே ஆண்டு ஏப்ரலில் அஸ்தானாவில் நடந்த உலக வாகைப் போட்டியின் 12-ஆவது ஆட்டத்தில் டிங் லிரெனும் இதே முறையில் நெப்போம்னியாச்சியை வென்றிருந்தார்.

ஜு நான்காம் நகர்த்தலிலேயே சி5 சிப்பாயை வெட்டி, அடுத்து பி4 ஆடி அதைக் காத்தார். லெய் ஏ5, பி6 நகர்த்தல்களால் அந்தச் சங்கிலியை உடைத்தார். இடையில் வெள்ளைக் கட்டப் பிஷப்புகள் வெட்டிக்கொள்ளப்பட்டன. கறுப்பு சி5-இல் சிப்பாயைத் திரும்பப் பெற்றதும், ஜு 11-ஆம் நகர்த்தலில் பி5 ஆடினார்.

எண்ணிக்கை சமமானாலும் அமைப்பு சமச்சீராக இல்லை. வெள்ளைக்கு ஏ, பி வரிசைகளில் எதிர்ச் சிப்பாய் எதுவும் தடுக்காத இரண்டு இணைந்த சிப்பாய்கள் கிடைத்தன. கறுப்புக்கு மையத்தில் வலிமை. ஒரு தரப்பு ஓரத்தில் முன்னேற, மறுதரப்பு மையத்தில் உடைக்க வேண்டும் என்பதால், காய்களை மாற்றி எளிதில் டிரா செய்யும் வழி குறைந்தது.

விளைவு

ஜு 6.5–5.5 என்ற கணக்கில் போட்டியை வென்றார். 2025-இல் டான் ஜோங்யீயை 6.5–2.5 என வென்று ஐந்தாவது முறையாகப் பட்டம் பெற்றார்.