ஓசியில் ஓடுவது எது?

நகர நெரிசலுக்கு மருந்தாகக் கட்டணமில்லாப் பேருந்தைச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். 'ஓசியில விட்டா நெரிசல் போயிடுமா?' என்று நக்கலடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். பேருந்தின் டிக்கெட் அவர்கள் கண்ணில் படுகிறது. கார் பிடித்துவைத்திருக்கும் சாலை படுவதில்லை. ஐரோப்பாவின் மூன்று அனுபவங்களை வைத்து இதைப் பார்க்கலாம்.

பெல்ஜியத்தின் ஹாசெல்ட் சின்ன நகரம். நெரிசலுக்கு வழக்கமான விடை ஒன்று அங்கே தயாராக இருந்தது: இன்னொரு சுற்றுச்சாலை. மேயர் ஸ்டீவ் ஸ்டீவார்ட்டின் நிர்வாகம் அதைக் கைவிட்டது. 1997 ஜூலை 1 முதல் நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை. அதற்கு முந்தைய வருஷம் சுமார் 3.6 லட்சமாக இருந்த பயணங்கள் 2006-இல் ஏறத்தாழ 46 லட்சமாயின. இலவசத்தின் மகிமை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கூடவே நடந்ததைப் பாருங்கள். பேருந்துகளும் தடங்களும் பெருகின. நகர மையத்தைச் சுற்றிய உள்வட்டச் சாலை ஒடுக்கப்பட்டு, மரங்கள் நட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் உரிய வீதியாயிற்று. அதாவது, காரிடமிருந்து இடம் பிடுங்கப்பட்டது. செலவு ஏறிக்கொண்டே போகவே, 2013-இல் பெரும்பாலோருக்குக் கட்டணம் திரும்பி வந்தது.

அதே 2013-இன் ஜனவரி 1 அன்று எஸ்தோனியத் தலைநகர் தாலினில் கட்டணம் போயிற்று. முந்தைய ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் முக்கால்வாசிப் பேர் ஆதரித்திருந்தார்கள். ஆனால் சலுகை, நகரவாசியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே. பதிவு கூடினால் வருமான வரியில் நகரத்தின் பங்கும் கூடும். இலவசத்துக்குள்ளே ஒரு கணக்குப்பிள்ளை! ஓராண்டு கழித்து ஆய்வாளர்கள் பார்த்தபோது பொதுப் போக்குவரத்துப் பயன்பாடு 14 சதவீதம் கூடியிருந்தது. புதிதாக ஏறியவர்கள் யார்? நடைப்பயணங்கள் 40 சதவீதம் குறைந்திருந்தன. கார்ப் பயணங்கள் கொஞ்சம்தான் குறைந்தன. காரை விட்டு இறங்கியவர்களைவிட நடையை விட்டவர்களே அதிகம். 'பார்த்தீர்களா, தோல்வி' என்கிறது பொதுப்புத்தி. வேலையின்மை மிகுந்த, ரஷ்ய மொழி பேசுவோர் திரளாக வாழும் லஸ்னமே வட்டாரத்தில் பயன்பாடு மற்ற இடங்களைவிடக் கூடியதை அந்தத் தராசில் எங்கே வைப்பது?

2020 பிப்ரவரி 29 முதல் லக்சம்பர்க் நாடு முழுக்கக் கட்டணமில்லை. ரயிலின் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. முன்பும் டிக்கெட் வசூல், நடத்தும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கார்கள் மிகுந்த அந்தக் குட்டி நாட்டில் நெரிசல் தீர்ந்தபாடில்லை. ஆச்சரியமென்ன? காருக்கு உரிய இடம் அப்படியேதானே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டபோது நெரிசலைப் பற்றிய வாதமே பெரிதாக எழவில்லை. வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கணவனிடம் காசு கேட்காமல் போய்வருவது பற்றியது அது. அதற்குத்தான் 'ஓசி' என்று பெயர் வைத்தார்கள். தெருவோரம் நாள் முழுக்க வாடகையில்லாமல் நிற்கும் காரை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஆகவே இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும் என்கிறேன். கட்டணமில்லாப் பேருந்து, வெளியே போகமுடியாதவர்களை வெளியே கொண்டுவருகிறது. அந்தக் காரணமே அதற்குப் போதும். நெரிசலைக் குறைக்க வேண்டுமானால் காரின் ஓசியில் கை வைக்க வேண்டும். அதைச் செய்யத் துணியாத அரசுகள், தங்கள் தயக்கத்தின் பழியைப் பேருந்தில் ஏறிய ஏழையின் தலையில் போடுகின்றன.