கண்காணிப்புக் காமிராவும் அதன் பூட்டும்

கண்காணிப்பு என்னும் சொல் தோட்டப்புற வாழ்வை அறிந்தோர்க்குப் புதியதன்று. கங்காணி என்னும் பெயரே கண்காணி என்பதன் திரிபாகும். காண்பதும் காப்பதும் அச்சொல்லில் ஒருங்கே அடங்கியுள்ளன. ஆயின், காணும் கண் யாருடைய ஏவலுக்கு அடங்கியது என்பதை அச்சொல் உரைப்பதில்லை. வலைப்பின்னலில் இணைந்த கண்காணிப்புக் காமிராவின் வரலாறு பெரும்பாலும் அவ்வினாவின் வரலாறே எனலாம்.

முதலில் தோன்றியது மூடிய சுற்றுத் தொலைக்காட்சி. இரண்டாம் உலகப் போரின்போது செருமானியர், பீனமுண்டேயில் வீ-2 ஏவுகணை எழும்புவதைத் தொலைவிலிருந்து காண இதனைப் பயன்படுத்தினர். காமிராவினின்று கம்பி நேரே திரைக்குச் சென்றது. திரை இருந்த அறைக்குள் புகுந்தோரே காண இயன்றது. அறைக்கதவின் பூட்டே காமிராவின் பூட்டுமாயிற்று.

அப்பூட்டைத் தளர்த்தியது ஒரு காப்பிக் குடுவை என்றால் வியப்பாயிருக்கும். கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தில், திரோசன் அறை எனப்பட்ட இடத்தின் அருகே ஒரு காப்பிப் பொறி இருந்தது. பிற மாடிகளிலிருந்து வந்தோர் பலகால் வெறுங்குடுவையையே கண்டு திரும்பினர். 1991இல் குவென்டின் ஸ்டாஃபர்டு-பிரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் ஒரு காமிராவை அக்குடுவையை நோக்கி நிறுத்தி, அதன் படம் கூடத்துக் கணினிகளில் தெரியுமாறு செய்தனர். 1993 நவம்பரில் அப்படம் உலகளாவிய வலையிலும் ஏறிற்று. காப்பியை ஒருநாளும் சுவைத்தறியாத தொலைநாட்டாரும் குடுவையைக் கண்டு மகிழ்ந்தனர். 2001 ஆகஸ்டு 22ஆம் நாள் காட்சி நிறுத்தப்பட்டது. குடுவைக்கு மறைவு வேண்டுவதில்லை. ஆதலின் பூட்டைப் பற்றி எவரும் கவலுற்றிலர்.

1996இல் சுவீடன் நாட்டு ஆக்சிஸ் நிறுவனம் 'நெட்-ஐ 200' என்னும் காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தது. அது கணினியின் துணையின்றித் தானே வலையில் இணைவது. முழு அளவுப் படம் ஒன்றை அனுப்ப 17 விநாடி எடுத்துக்கொண்டது. பின்வந்தவை இருளிலும் கண்டன, தலையைத் திருப்பின, அசைவைக் கண்டால் செய்தி விடுத்தன, ஒலியையும் கேட்டன. இவ்வாற்றல்கள் யாவும் ஒரு வலைமுகவரியின் பின்னே அமைந்தவை. அம்முகவரி வெளியுலகிற்குத் திறந்திருப்பின், ஈப்போவிலுள்ள ஒரு வீட்டுக் கதவை எந்நாட்டாரும் தட்டலாம்.

இது கருதியே உரிமைகள் மூவகையாக வகுக்கப்பட்டன. நிருவாகி அமைப்புகளை மாற்றவும் பிறர்க்கு உரிமை வழங்கவும் வல்லவர். இயக்குநர் காமிராவை இயக்குவார். பார்வையாளர் காண்பதோடு அமைவார். பள்ளியின் சாவிக்கொத்தை உடையவர், வகுப்பை நடத்துபவர், சன்னல்வழி நோக்குபவர் என இவர்களை ஒப்பிடலாம். ஏற்பாடு செம்மையானதே. ஆயினும், தொழிற்சாலைகள் பலவும் நிருவாகியின் கடவுச்சொல்லை எல்லாப் பெட்டிக்கும் ஒன்றாகவே வைத்து, அதனைக் கையேட்டிலும் அச்சிட்டு அனுப்பின. வாங்கியோரிற் பலர் அதனை மாற்றவில்லை. ஒரே சாவிக்குத் திறக்கும் ஆயிரம் பூட்டுகளைப் பூட்டென்று அழைப்பது எங்ஙனம்?

சாவியை மாற்றியோரும் தப்பினாரல்லர். 2012இல் அமெரிக்காவில் டிரெண்ட்நெட் நிறுவனக் காமிராக்களின் மென்பொருளில் பிழை வெளிப்பட்டது. கடவுச்சொல் கேளாமலே அவை காட்சியைத் தந்தன. ஏறக்குறைய 700 காமிராக்களின் நேரடிக் காட்சிகளுக்கு வழிகாட்டும் இணைப்புகள் வலையில் பரப்பப்பட்டன. தொட்டிலில் துயிலும் குழந்தைகளும் அக்காட்சிகளில் இருந்தனர். காவலுக்கென வாங்கிய கருவி இது என்பதை நினைத்தல் வேண்டும். 2013இல் அமெரிக்கக் கூட்டரசு வாணிப ஆணையம் அந்நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது.

2016இல் 'மிராய்' என்னும் தீநிரல் வேறொரு வழியில் சென்றது. தொழிற்சாலைக் கடவுச்சொற்களில் அறுபதுக்கு மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாக முயன்று, காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றிப் படையாகத் திரட்டியது. அக்டோபர் 21 அன்று அப்படை டின் என்னும் வலைப்பெயர்ச் சேவை நிறுவனத்தைத் தாக்க, டுவிட்டர் முதலிய பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. காமிராவின் உரிமையாளர் எதனையும் அறிந்திரார்.

இதன் பின்னரே அரசுகள் விரைந்தன. கலிபோர்னியாவின் சட்டம் 2020 சனவரி முதல் நாளும், பொதுக் கடவுச்சொல்லைத் தடுக்கும் பிரிட்டனின் விதிகள் 2024 ஏப்ரல் 29ஆம் நாளும் நடைமுறைக்கு வந்தன. சிங்கப்பூர் 2020 அக்டோபரில் நான்கு படிகளைக் கொண்ட பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தை, முதலில் வீட்டு வலைத்திசைவி முதலியவற்றுக்குத் தொடங்கிப் பின்னர்க் காமிராக்களுக்கும் விரித்தது. வாங்குவோர் பெட்டியின்மேல் முத்திரையைக் கண்டு தேரலாம். முன்னரே விற்றுச் சுவரேறிய காமிராக்களோ இவ்விதிகளுக்கு முந்தியவை. அவற்றின் பழைய கடவுச்சொல்லை மாற்றும் உரிமை இன்றும் வீட்டுடையாரிடமே உள்ளது.