பேர் விழுந்தவருக்கே நாற்காலி

மலாயாவின் சுதந்திர நாளை நாட்டு மக்களில் முதலில் காதால் கேட்டவர்கள் மலாக்காவில் கூடியவர்கள்தாம். லண்டன் பேச்சுவார்த்தையை முடித்துத் திரும்பிய அன்றைய முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், 1956 பிப்ரவரி 20 அன்று பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் இறங்கி, பண்டார் ஹிலிர் திடலில் திரண்டிருந்த கூட்டத்தின் முன் 1957 ஆகஸ்ட் 31 என்று தேதியை அறிவித்தார். திறந்த திடல்; அழைப்பிதழைக் கேட்கும் வாசல் கிடையாது. பக்கத்திலேயே, 1912-இல் ஆங்கிலேயர் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட மலாக்கா கிளப் நின்றது. அதில் நுழைய உறுப்பினராக வேண்டும். இன்று அந்தக் கட்டடம் சுதந்திரப் பிரகடன நினைவகம், திடல் இருந்த இடத்தில் பெரிய பேரங்காடி. அந்த ஒரு நாளை நினைத்து, தேசியச் சடங்குகள் அப்போது எல்லாருக்கும் பொதுவாக இருந்தன, சீட்டும் பாதுகாப்பும் வந்த பிறகுதான் ஏழை வெளியே நின்றான் என்று பேசுவது வழக்கம். தோட்டத் தமிழர் வரலாற்றை வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சு பாதிதான் சரி.

1956 பிப்ரவரி 20 ஒரு திங்கட்கிழமை. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அன்றும் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு நடக்கும் நாள். கங்காணியான மண்டோர் பெயரைக் கூப்பிடுவார், எழுத்தரான கிராணி ஏட்டில் குறிப்பார். பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. நாட்கூலிக்காரர் ஒருவர் பண்டார் ஹிலிருக்குப் போக வேண்டுமானால் ஒருநாள் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். பால்மரம் வெட்டும் கணவனும் மனைவியும் சேர்ந்து போனால் இரண்டு பேர் கூலி போகும். இலவசத் திடலுக்கு அவர்கள் கொடுக்க வேண்டிய விலை அது. அரசு விழாவில் யாருக்கு இடம் என்பதை வாசற்காவலர் தீர்மானிப்பதில்லை. அதற்கு வெகுமுன்பே வேறொரு காரியத்துக்காக எழுதிய பெயர்ப்பட்டியல்கள் தீர்மானித்துவிடுகின்றன என்பதே என் வாதம்.

அடுத்த ஆண்டு தலைநகரில் நடந்தவற்றைப் பாருங்கள். ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது ஒரு திறந்த திடலில். மறுநாள் காலைப் பிரகடனம் நடந்த மெர்டேக்கா அரங்கம் ஏறத்தாழ 20,000 பேர் கொள்ளும். செப்டம்பர் 2 அன்று முதல் மாமன்னர் அரியணை ஏறியதோ ஜாலான் அம்பாங்கில் ஒரு மண்டபத்துக்குள். திடல், அரங்கம், மண்டபம் என்று சடங்கின் கனம் ஏற ஏற இடம் சுருங்கியது. அன்றைய மக்கள்தொகை 60 லட்சத்துக்கும் மேல். அரங்கத்திலேகூட முந்நூறு பேருக்கு ஒரு நாற்காலி தேறாது. பொறுக்கித்தான் அழைக்க வேண்டும். பொறுக்குபவர் கையில் ஒரு பட்டியல் இருந்தே தீரும்.

இதற்கு அமெரிக்கா ஒரு வழி வைத்திருக்கிறது. அதிபர் பதவியேற்புக்கான சீட்டுகளை நாடாளுமன்றக் குழு ஒன்று உறுப்பினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க, அவர்கள் தொகுதி மக்களுக்கு விலையில்லாமல் வழங்குகிறார்கள். பலர் குலுக்கலில் ஆள் எடுக்கிறார்கள். மலேசியாவும் இப்படிச் செய்யலாமே என்று ஒருவர் கேட்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் சீட்டைப் பங்கிடும் உறுப்பினரின் கண் வாக்காளர் பட்டியல் மேல் இருக்கும். 1957-இல் மலாயா மக்களில் நூற்றுக்குப் பதினொருவர் இந்தியர். அதற்கு இரண்டாண்டு முந்தைய 1955 பொதுத்தேர்தலிலோ வாக்காளர்களில் அவர்கள் ஐந்து சதவீதம்கூட இல்லை. கப்பலில் வந்து லயத்தில் குடியேறிய தலைமுறைக்குக் குடியுரிமை என்பது மனுப்போட்டு வாங்க வேண்டிய பொருள். இன்றும் நாட்டில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. மலாக்காவின் ஆறு தொகுதிகளும் அப்படியே. ஆகவே தொகுதிவழிப் பங்கீடு வந்தாலும், தோட்டத்தை விட்டு வெளியேறி நகரோரக் குடியிருப்புகளில் சிதறிய தமிழ்க் குடும்பத்துக்குச் சீட்டு வருவது உறுப்பினரின் தயவைப் பொறுத்தது. வேறு வழி கட்சிக் கிளைத் தலைவரின் சிபாரிசு. அந்தச் சிபாரிசு எவ்வளவு தூரம் போகும் என்பது தோட்டப்புறத்தில் எல்லாருக்கும் தெரிந்ததே.

ஒரு நாற்காலியால் யாருக்கு வயிறு நிறையும், கூலியும் வீடும் அல்லவா முக்கியம் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. ஆனால் கூலிக்காகப் போராடியவர்களே அதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்ல மலாக்காவிலிருந்து கோலாலம்பூரை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டார்கள். மனுவைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். அதிகாரம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தாங்களே போய் நின்றால்தான் கணக்கில் வருவோம் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். தொலைக்காட்சி வந்துவிட்டதே என்பதும் செல்லாது. 2018 மே 10 இரவு மகாதீர் பிரதமராகப் பதவியேற்றபோது, வீட்டிலேயே பார்க்க வசதியிருந்தும் மக்கள் கொடிகளோடு மாமன்னரின் அரண்மனையான இஸ்தானா நெகாராவின் வாசலுக்கு வந்து காத்திருந்தார்கள்.

பிரதமர் பதவியேற்பு அரண்மனைக்குள் நடக்கும் சிறு நிகழ்வு. அதைத் திடலுக்குக் கொண்டுவரச் சொல்வது நடவாத காரியம். ஆனால் மாமன்னர் பதவிக்காலம் ஐந்தாண்டு என்பதால் அரியணை விழா தவணை தவறாமல் வருகிறது. அதையொட்டிய பொது நிகழ்ச்சிகளில் ஒரு பங்கு இருக்கைகளை மாநிலவாரியாகக் குலுக்கலில் கொடுக்கலாம். பெயர் வந்தவருக்குச் சம்பளத்தோடு ஒருநாள் விடுப்பும் சேர்த்து. அந்த விடுப்பு இல்லாவிட்டால் சீட்டு கையில் இருந்தும் நாட்கூலிக்காரர் வேலைக்குத்தான் போவார்.