கரைதலும் எதிர்முழக்கமும்: தொகுப்பு மென்பொருளுக்குள் ஒரு வரலாறு

வீடியோத் தொகுப்பு மென்பொருள் எதைத் திறந்தாலும் அதில் ‘எபெக்ட்’ என்றொரு பட்டியல் இருக்கும். ஒரு காட்சி கரைந்து மற்றொன்றாக மாற ‘டிசோல்வ்’, குரலுக்கு எதிர்முழக்கம் கூட்ட ‘ரிவேர்ப்’. வேண்டியதை இழுத்துக் காட்சியின் மேல் விட்டால் போதும். இவை ஒரு காலத்தில் கையால் தொடக்கூடிய பொருள்களாகவும் கதவைத் திறந்து நுழையக்கூடிய அறைகளாகவும் இருந்தன. பொருள் மறைந்து பெயர் மிஞ்சிய அந்தக் கதையில் நமக்கும் ஒரு செய்தி உண்டென்று நினைக்கிறேன்.

முதலில் கரைதல். பிரான்சின் ஜோர்ஜ் மெலியே 1899இல் எடுத்த ‘சிண்ட்ரெல்லா’ படத்திலேயே காட்சிகள் ஒன்றிலொன்று கரைந்தன. அக்காலத்தில் இதைக் கமெராவுக்குள்ளேயே செய்தார்கள். லென்ஸை மெல்ல மூடி, பிலிமைச் சிறிது பின்னோக்கிச் சுற்றி, அதே துண்டின் மீது அடுத்த காட்சியை மெல்லத் திறந்து பிடிக்க வேண்டும். கை தவறினால் இரண்டு காட்சிகளும் பாழ். பின்னர் ஒப்டிக்கல் பிரிண்டர் வந்து இந்த வேலையை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனது. 1956இல் அம்பெக்ஸ் நிறுவனம் வீடியோ நாடாவை அறிமுகப்படுத்திய பின்பு, நாடாத் தொகுப்பில் கரைதலுக்கு மூன்று இயந்திரங்கள் தேவைப்பட்டன. ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு நாடாக்கள் ஓட, மூன்றாவது பதிவு செய்யும். 1991இல் வெளிவந்த அடோபி பிரீமியரின் ஆரம்பகாலப் பதிப்புகளிலும் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு வரிசைகள் இருந்தன; நடுவே கரைதலுக்கு ஒரு வரிசை. இயந்திரங்கள் போய்விட்டன, அவற்றின் நிழல் திரையில் தங்கிவிட்டது.

ஒலியின் கதை இன்னும் சுவையானது. 1947இல் சிக்காகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர், ஹார்மோனிக்கா இசைக் குழுவொன்றின் பாட்டுக்கு முழக்கம் சேர்க்கக் குளியலறையைப் பயன்படுத்தினார். உள்ளே ஓர் ஒலிபெருக்கி, ஓர் ஒலிவாங்கி. சுவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. 1957இல் ஜேர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம் அறைக்குப் பதிலாக, பெட்டிக்குள் தொங்கவிட்ட பெரிய உருக்குத் தகட்டைத் தந்தது. அதன் பாரம் கால் தொன்னைத் தாண்டும். அதே நிறுவனம் 1976இல் தகட்டையும் எண்களாக மாற்றியது. 1999இல் சொனி நிறுவனத்தின் கருவியொன்று மேலும் ஒருபடி போய், உண்மையான மண்டபங்களின் முழக்கத்தையே அளந்து எடுத்து வழங்கியது. ஒரு மண்டபத்தில் பலூனை வெடித்து, அந்த ஓசை தேய்ந்து மறையும் விதத்தைப் பதிந்துகொண்டால், எந்தக் குரலையும் அந்த மண்டபத்தில் ஒலித்ததாகக் காட்டலாம்.

இதற்குப் பெரிய சான்று இஸ்தான்பூலின் அயா சோபியா. 537இல் தேவாலயமாகத் திறக்கப்பட்டு, 1453இன் பின் பள்ளிவாசலாகி, 1935இல் நூதனசாலையாகி, 2020இல் மீண்டும் பள்ளிவாசலான கட்டடம் அது. நூதனசாலையாக இருந்த 2010இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காக அங்கே சில பலூன்கள் வெடிக்கப்பட்டன. ஓசை அடங்கப் பத்து வினாடிக்கு மேல் ஆயிற்று. அந்த அளவைக் கொண்டு, கலிபோர்னியாவில் பாடிய ஒரு குழுவின் குரல்கள் அந்தக் குவிமாடத்தின் கீழ் ஒலிப்பவைபோல் ஆக்கப்பட்டு, 2019இல் இசைத்தட்டாக வெளிவந்தன. பாடியவர்கள் பதிவின்போது அந்தக் கட்டடத்துள் இல்லை. ஆனால் அதை அவர்கள் மறைக்கவுமில்லை. எங்கே பாடினோம், எதைச் சேர்த்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நான் மதிப்பது இதையே.

நம்மிடையே அந்த ஒழுங்கு குறைவு. கிழக்கிலங்கையின் நாட்டார் கவிகள் பல வயல்வெளியில் பிறந்தவை. திறந்த வெளியில் குரலைத் திருப்பியனுப்பச் சுவர் ஏது? பழைய ஒலிநாடாவிலிருந்து எடுத்த அத்தகைய கவியொன்றுக்கு மண்டப முழக்கம் பூசி, காட்சிக்குப் பொய்க் கீறல்களும் மங்கல் நிறமும் இட்டு வெளியிட்டதை நான் கேட்டும் பார்த்தும் இருக்கிறேன். கேட்க இனிமைதான். ஆனால் இரைச்சலை நீக்கியபோது பாடியவரின் மூச்சும் நீங்கியிருந்தது. ஐம்பது வருடம் கழித்து அதைக் கேட்கும் ஆய்வாளர், நமது கவி மண்டபத்தில் பாடப்பட்டதென்று எழுதினால் பிழை அவருடையதல்ல.

மென்பொருளைக் குறைகூற முடியாது. இன்றைய தொகுப்பு மென்பொருளில் எபெக்ட் என்பது வெறும் கட்டளை. பொதுவாக மூலக் கோப்பை அது தொடுவதில்லை. இறுதிப் பிரதியை ஏற்றுமதி செய்யும்போதுதான் பூச்சும் குரலும் ஒன்றாகின்றன. மூலத்தை அழித்துவிட்டால் பிறகு அவற்றைப் பிரிப்பது ஏறத்தாழ முடியாத காரியம். ஆகவே அலங்கரித்த பிரதி ஊருக்குப் போகட்டும். தொடாத பிரதியொன்று பாடியவரின் பெயர், ஊர், பதிந்த நாள் ஆகியவற்றோடு பத்திரமாக இருக்கட்டும். எதைச் சேர்த்தோம், எதை நீக்கினோம் என்பதையும் இரண்டு வரியில் எழுதி வைப்போம். கவி பாடிய தலைமுறை குறைந்துகொண்டே போகிறது.