சீட்டு மறைந்து எண் நிலைத்த கதை: விழுப்புரம் வட்டாரத்தில் லாட்டரி

பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993இல் பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தின் ஊர்கள், குறிப்பாகத் திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் வட்டங்களில் உள்ளவை, சூதாட்டத்தின் கேட்டைத் தம் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் ஊரறியச் சொல்லிவந்தவை. பாரதக் கதையை நாள்தோறும் பாடி விளக்கும் பாரதப் பிரசங்கமும், இரவு முழுவதும் நடக்கும் தெருக்கூத்தும், தீமிதியும் சேர்ந்ததே அவ்விழா. பிரசங்கிகள் பெரிதும் சார்ந்திருக்கும் பாரதத்தைப் பாடிய வில்லிபுத்தூராரும் இவ்வூர்கள் அடங்கிய நடுநாட்டைச் சேர்ந்தவர். திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்து, வக்கபாகை வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் அவர் நூல் செய்தார். தருமன் நாட்டையும் தம்பியரையும் தன்னையும் மனைவியையும் வரிசையாகப் பணயம் வைத்து இழக்கும் காட்சியில் கூத்து உணர்த்துவது, அறம் அறிந்தவனும் விட்டதைப் பிடிக்கும் வேகத்தில் நிதானம் இழப்பான் என்பதே. ஒரு பணயத்துக்கும் அடுத்த பணயத்துக்கும் நடுவே எழுந்து போவதற்கு அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை. லாட்டரியின் வரலாற்றையும் இந்த இடைவெளியை வைத்தே அளக்க வேண்டும்.

ஆங்கிலேயர் காலச் சட்டம் இடைவெளியைப் பற்றிக் கவலைப்படவில்லை. அது இடத்தைப் பார்த்தது. சென்னை மாகாணத்தின் 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், நடத்துபவரின் ஆதாயத்துக்காகச் சீட்டுக்கட்டு, பகடை முதலியவற்றை வைத்திருக்கும் ‘பொதுச் சூதாட்ட விடுதி’யையே குற்றத்தின் மையமாகக் கொண்டதால், காவல்துறையின் வேலை பெரும்பாலும் கட்டடத்தைச் சோதனையிட்டு, ஆடியவர்களையும் கைக்காசையும் பிடிப்பதாக இருந்தது.

சூதுக்கு அரசின் முத்திரையே கிடைத்தது 1968இல். அண்டை மாநிலமான கேரளம் அவ்வாண்டு ஜனவரி 26 அன்று ஒரு ரூபாய்ச் சீட்டும் 50,000 ரூபாய் முதற்பரிசுமாகத் தன் முதல் குலுக்கலை நடத்தியது. அதே ஆண்டில் அண்ணாவின் அரசு தமிழ்நாட்டிலும் பரிசுச் சீட்டைத் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற முழக்கம், சீட்டு வாங்குவதை நன்கொடைக்கு நிகராக்கி, அதுவரை சூதாட்டத்தைப் பற்றியிருந்த வெட்கத்தைப் போக்கியது. அண்ணா நல்லெண்ணத்தோடுதான் இதைச் செய்தார். ஆயினும் அந்த வெட்கம் போனதே பின்வந்த வணிகர்களுக்கு மூலதனம் ஆயிற்று.

தொடக்கக்காலச் சீட்டை வாங்கியவர் குலுக்கல் நாள்வரை காத்திருக்க வேண்டியிருந்ததால், இழப்பும் சீட்டின் விலையோடு நின்றது. அந்தக் காத்திருப்பை ஒழித்தது 1990களில் பரவிய ஒற்றை இலக்க லாட்டரி, அதாவது 0 முதல் 9 வரையுள்ள ஓர் இலக்கம் விழுமா என்று பணம் கட்டும் முறை. ஒரே நாளில் பல குலுக்கல்கள் நடந்தமையால், காலையில் விட்டதை மதியத்திலும் மதியத்தில் விட்டதை மாலையிலும் பிடிக்க முயலும் கூட்டம் பேருந்து நிலையக் கடைகளில் நின்றது. நாலாபுறச் சாலைகள் கூடும் திண்டிவனமும் ரயில் பாதைகள் பல சந்திக்கும் விழுப்புரமும் இவ்வணிகத்துக்கு இயல்பாகவே வாய்ப்பான ஊர்கள். நாடாளுமன்றம் 1998இல் இயற்றிய லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் ஒற்றை இலக்கப் பரிசைத் தடுத்து, ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்றும் விதித்தது. நாளுக்கு ஒன்றாக ஏழு தனித்தனி வார லாட்டரிகளை நடத்தும் மாநிலத்துக்கு அவ்விதி தடையாகவில்லை. அச்சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு பிற மாநிலச் சீட்டுகள் உட்பட எல்லா லாட்டரிகளையும் தமிழ்நாட்டில் தடை செய்தது. சீட்டு விற்றுப் பிழைத்த மாற்றுத்திறனாளிகள் பலர் அதனால் வருமானம் இழந்தனர் என்பதை மறக்கலாகாது. எனினும் அந்தத் தடை தேவையானதே.

தடை நீக்கியது அச்சிட்ட சீட்டை மட்டுமே. கேரளத்தின் நாள்தோறும் பிற்பகல் 3 மணிக் குலுக்கலில் முதற்பரிசு பெறும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை முன்கூட்டிச் சொல்லிப் பணம் கட்டும் ‘மூன்று நம்பர் லாட்டரி’ அதன் இடத்தைப் பிடித்தது. இதை நடத்துபவருக்குக் குலுக்கல் செலவு இல்லை, அச்சகம் இல்லை, கடையும் தேவையில்லை; துண்டுத்தாளில் எழுதிய எண்ணோ கைபேசிச் செய்தியோ போதும். மூன்று இலக்கங்களும் பொருந்துவதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்பதால், பரிசுத்தொகை எத்தனை மடங்கு என்று முடிவு செய்பவரின் கையிலேயே லாபம் இருக்கிறது. 2019 டிசம்பரில் விழுப்புரம் நகரில் இந்த லாட்டரியில் பொருளிழந்து கடனில் மூழ்கிய நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பம், மூன்று பெண் குழந்தைகள் உட்பட ஐந்து உயிர்களும், ஒரே நாளில் மாண்டது. அதன்பின் கைதுகள் நடந்தன; பிடிபட்டவர்களோ பெரும்பாலும் எண்ணை எழுதிக்கொடுத்த சிறு முகவர்கள்.

இணைய ரம்மி பற்றி அரசு காட்டிய அக்கறை, மூன்று நம்பர் லாட்டரி பற்றிக் காட்டியதைவிடப் பெரிது. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கை, 2022இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதா, அதை ஆளுநர் திருப்பி அனுப்பியதும் மீண்டும் நிறைவேற்றியது, 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்று ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது என அது நீண்டு, 2025 ஆகஸ்டில் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுக்கும் மத்தியச் சட்டத்தில் வந்து நின்றது. அச்சட்டப்படி நடத்துபவருக்கு 3 ஆண்டுவரை சிறையும் 1 கோடி ரூபாய்வரை அபராதமும் உண்டு. அனுமதியற்ற லாட்டரி அலுவலகம் நடத்துபவருக்கோ, இந்திய தண்டனைச் சட்டத்தின் 294அ பிரிவு 1870இல் வகுத்த உச்சத் தண்டனையான ஆறு மாதச் சிறை, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் மாறாமல் இருக்கிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சேர்த்தாலும் இரண்டு ஆண்டைத் தாண்டாது. எண் எழுதும் முகவரை விட்டு, அவருக்குப் பின்னால் பணத்தைத் திரட்டுபவரை எட்டும் தண்டனையைத் தமிழ்நாடு அரசு தனிச்சட்டமாகவே கொண்டுவர வேண்டும்.