பொஸ்டன் பனிக்கட்டியும் கொடித்தோடைப் பானமும்

சென்ற மாதம் என் பேர்த்தி என்னைக் கொழும்பிலுள்ள ஒரு கோப்பிக்கடைக்கு அழைத்துச் சென்றாள். நாம் பழகிய கோப்பிக்கடை அன்று. குளிரூட்டிய மண்டபம், மெத்தை நாற்காலி, ஆங்கிலப் பாட்டு. அவள் வாங்கியது கோப்பியும் அன்று. கொடித்தோடையும் அன்னாசியும் அரைத்த ஐஸுடன் கலந்த, கரண்டியால் அள்ளக்கூடிய தடிப்பான பானம். விலைச்சிட்டையைப் பார்த்துவிட்டு நான் வாய் திறக்கவில்லை. அவளே கேட்டாள்: “அப்பப்பா, உதை வீட்டிலை செய்யேலாதே?”

செய்யலாம். ஆனால் பழத்தைப் பற்றிச் சொல்லுமுன் ஐஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வெப்ப நாடுகளுக்கு ஐஸைக் கப்பலேற்றி விற்கலாம் என்று துணிந்தவர் பொஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடர். 1806 இல் குளத்து ஐஸை வெட்டிக் கரிபியன் தீவான மார்த்தினிக்குக்கு அனுப்பினார். ஊர் சிரித்தது. கடனுக்காகச் சிறையையும் கண்டார், ஆயினும் விடவில்லை. மரத்தூளை இட்டுப் பொதிந்தால் ஐஸ் நெடுநாள் தாங்கும் என்று கண்டுகொண்டபின் அவர் கை ஓங்கியது. 1833 இல் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 தொன் ஐஸுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணத்தில் உருகியது போக ஏறக்குறைய 100 தொன் கரைசேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் அவரது ஐஸைச் சேமிக்கக் கட்டிய ‘ஐஸ் ஹவுஸ்’ இன்றும் நிற்கிறது. 1897 இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் அவர் பெயராலேயே இப்போது அறியப்படுகிறது.

இலங்கையில் கொழும்பு ஐஸ் கம்பனி 1866 இல் தொடங்கியது. யானைச் சின்னத்துடன் நாம் குடித்து வளர்ந்த சோடாக்களின் மூதாதை அதுவே.

யாழ்ப்பாணத்தில் என் இளமைக்காலத்தில் ஐஸ் என்பது கடைக்குரிய பொருள். வீட்டில் தேசிக்காய்த் தண்ணீர் உண்டு, மோர் உண்டு, ஐஸ் இல்லை. அதற்குப் பேருந்து நிலையத்தை அண்டிய கூல்பார்களுக்குப் போக வேண்டும். சாக்கில் சுற்றிய ஐஸ்பாளத்தைச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒட்டியிருக்கும் மரத்தூளைக் கழுவி உடைத்துச் சர்பத்திலே போடுவார்கள். அந்த மரத்தூளின் வரலாறு டியூடர் வரை செல்கிறது என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. சர்பத்திலே மிதக்கும் கசகசாவைப் பற்றியும் ஒரு வார்த்தை: நாம் அப்பெயரால் அழைப்பது ஊறவைத்த திருநீற்றுப்பச்சை விதை. தமிழகத்துக் கசகசா வேறு. இதனைத் தெரியாமல் சென்னையில் ஒரு கடைக்காரருடன் நான் வீணே வாதாடியதுண்டு.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரியதாயிற்று. ஜாம் போத்தல் விளக்கொளியிலேதான் நாங்கள் செய்தி எழுதினோம். கூல்பாரும் ஐஸும் பழங்கதையாயின. ஐஸ் இல்லாமை என்றால் பானத்தை இழப்பதுதான் என்று எண்ணியிருந்த எனக்கு வேறொன்று விளங்கியது வீட்டிலேதான். என் தாயார் நீரிழிவு நோயாளி. அரிதாகக் கிடைக்கும் இன்சுலினைப் பழுதாகாமல் வைத்திருக்கக் குளிர் வேண்டும். பெரிய மண்சட்டியில் மணலை நிரப்பி, நடுவே சிறு மண்முட்டியைப் புதைத்து, அதனுள் மருந்துப் போத்தலை வைத்தோம். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. ஈரம் ஆவியாகும்போது சட்டியின் சூட்டையும் உடன்கொண்டு போகும். அது குளிர்சாதனப் பெட்டியாகாது. வெளிச்சூட்டைவிடச் சில பாகை குறையும், அவ்வளவே. பங்குனி, சித்திரையில் அந்தச் சில பாகைக்காக இரவில் எழுந்தும் தண்ணீர் தெளித்திருக்கிறேன். பத்திரிகை அலுவலகத்தில் நேரம் பிந்திய நாட்களில் மனம் அந்தச் சட்டியிலேயே இருக்கும்.

விருந்தினர் வந்தால் தாயார் அதே மணலில் கொடித்தோடைச் சாற்றுப் போத்தலையும் புதைத்துவைத்து எடுத்துக் கொடுப்பார். “ஐஸ் இல்லாட்டி என்ன, இது காணும்” என்பார். தாம் ஒரு மிடறும் குடிக்க மாட்டார்.

இனி, கோப்பிக்கடைப் பானத்துக்கு வருவோம். ஐஸுடன் அரைத்த கோப்பிக்கு ‘பிரப்புச்சினோ’ என்ற பெயர் 1992 இல் பிறந்ததும் பொஸ்டனில்தான், ‘கோப்பி கனெக்ஷன்’ என்ற கடையில். அவ்வூர்ப் பக்கம் பால், ஐஸ்கிறீம் கலவையை ‘பிராப்’ என்பர். அதனுடன் கப்புச்சினோவைச் சேர்த்தார்கள். ஸ்டார்பக்ஸ் அக்கடையை 1994 இல் வாங்கி, அடுத்த ஆண்டிலிருந்து அப்பெயரை உலகெங்கும் பரப்பியது. கோப்பியே இல்லாத பழப்பானங்களும் அந்த வழியிலே வந்து சேர்ந்தவைதான்.

வீட்டில் செய்வோர் பெரும்பாலும் தவறுவது, சாற்றில் ஐஸைக் கொட்டி அரைப்பதால். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். சூடான சாறு அதனைத் தாராளமாக வழங்கிவிடும். பிறகு மிஞ்சுவது பழவாசனைத் தண்ணீர். ஆகவே முதல்நாள் இரவே அன்னாசித் துண்டுகள் ஒரு கோப்பையை உறையவைத்துவிடுங்கள். நான்கு கொடித்தோடையின் சாற்றை விதை நீக்கி வடித்து, பாதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள், மீதியைக் குளிரவையுங்கள். விதையோடு அரைத்தால் கசக்கும். சீனி குளிரில் கரையாது. பாகாகக் காய்ச்சி ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். கடைகளில் பானம் பிரியாமல் நிற்கப் பிசின் வகை ஏதேனும் சேர்ப்பர்; நமக்கு அரைக் கதலிப்பழம் போதும். அரைத் தேசிக்காய்ச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் பிளெண்டரில் இட்டு விட்டுவிட்டு அரையுங்கள்; தொடர்ந்து ஓடவிட்டால் இயந்திரச் சூடே உருக்கிவிடும். இரண்டு பேருக்குக் காணும். கண்ணாடிக் குவளையையும் முன்னரே குளிரவைத்தால் நல்லது.

கடந்த ஞாயிறு அவ்வாறே செய்து கொடுத்தேன். பேர்த்தி பாதிக் குவளை குடித்துவிட்டு நிமிர்ந்தாள். “கடையிலை குடிச்ச மாதிரித்தான் இருக்கு. ஆனா சீனி காணாது” என்றாள். எங்கள் வீட்டில் சீனி எப்போதும் குறைவாகவே போடுவோம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அந்த மண்சட்டியின் கதையை அப்போதுதான் முதன்முறையாக அவளுக்குச் சொன்னேன்.